பத்தாவது ஆளை அழைத்துவரப் போன சனிக்கிழமை

வலமிருந்து இடமாய் வரைந்திடு கைக்கும்
இடமிருந்து வலமாய் எழுதிடு கைக்கும்
ஒருபொருள் ஆகி உள்நின்று இயக்கும்
திருவடி போற்றித் தொடங்குவன் யானே.

அறுபத்தெட்டாம் வயதில் எபிரேயம் படிக்கப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது, பீலெஃபெல்டில் உள்ள எங்கள் பங்குச் சனம் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டது. ஒரு சாரார் என் மருந்துகளை வைத்தியர் மாற்றிவிட்டாரோ என்று விசாரித்தனர். மற்றவர்கள், இனி அந்த மொழியில் யாரோடு கதைக்கப்போகிறீர்கள் என்று கேட்டனர். யாரோடும் கதைப்பதற்காக அன்று. சிறுவயது முதல் தமிழில் ஓதிவந்த திருப்பாடல்களை, அவை பிறந்த ஓசையில் ஒருமுறையேனும் வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. ஒரு பாட்டின் பொருளை வேறொரு மொழிக்குக் கொண்டுவந்துவிடலாம். அதன் நடையைக் கொண்டுவர இயலாது. சந்தம் அறிந்த தமிழருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பீலெஃபெல்டிலிருந்து நூற்றுப்பத்துக் கிலோமீற்றர் தொலைவில், ரூர்ப் பகுதியின் ஒரு நகரில், யூதத் தொழுகைக்கூடம் ஒன்று வளர்ந்தோருக்கான வகுப்பை நடத்துகிறது. பிற சமயத்தவரும் சேரலாம். நகரின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. புதன்கிழமை மாலை ஆறு மணி முதல் ஏழரை வரை வகுப்பு; அரையாண்டுக்கு நாற்பது யூரோ கட்டணம். கடந்த ஆண்டு மார்ச் மாதத்தில் சேர்ந்தேன். இங்கே எழுதப்போவது நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அங்கே போய்வந்த கதை. அன்று வகுப்பு இல்லை. ஆனால் வகுப்புக்கே அன்றுதான் பரீட்சை.

பரீட்சை எழுதியவர் மிகைல். என் பக்கத்துக் கதிரைக்காரர்; வயது எழுபத்திரண்டு; கார்கிவ் நகரில் ட்ராம் வண்டிகளின் பொறியியலாளராக இருந்து, தொண்ணூறுகளில் மனைவியோடு ஜேர்மனிக்கு வந்தவர். யூதப் பையன்கள் பதின்மூன்று வயதில் சபை முன்னே அழைக்கப்பட்டு மறைச்சுருளை வாசிப்பது வழக்கம். அவர் பதின்மூன்று வயதில் வாழ்ந்த சோவியத் நாட்டில் அதற்கு வழியில்லை. ஆகவே இப்போது, பதினான்கு மாதங்களாக, நான்கே நான்கு வசனங்களைப் படித்துவந்தார்.

நான்கு வசனத்துக்குப் பதினான்கு மாதமா என்று நீங்கள் நினைக்கலாம். சுருளில் இருப்பவை மெய்யெழுத்துகள் மட்டுமே. உயிரை வாசிப்பவர் கொடுக்க வேண்டும். இசையையும் அவரே கொடுக்க வேண்டும். இவ்வளவுதானே, மனப்பாடம் செய்துவிடலாமே என்று முதல் மாதமே நான் கேட்டேன். எங்கள் ஆசிரியை ஹன்னா தலையசைத்து மறுத்தார். சுருளை மனப்பாடமாக ஒப்புவிப்பது அவர்களிடம் செல்லாது. முழுவதும் நெஞ்சில் இருந்தாலும், ஒவ்வொரு எழுத்தையும் கண்ணால் கண்ட பின்னரே வாய் திறக்க வேண்டும். ஓதி ஓதி மனத்தில் ஏற்றுவதே கல்வி என்று வளர்ந்த எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு மாதம் ஹன்னாவோடு வாதாடினேன்.

மிகைலுக்கோ இதுதான் இடர். அவருடைய கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வந்தது. நேரே பார்த்தால் புகை, ஓரத்தால் பார்த்தால் எழுத்து என்பார். வரும் கோடைக்குப் பிறகு அச்செழுத்தும் தெரியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சுருளின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டில் ஒரு வாரமே உரியது. அவருடைய நான்கு வசனங்களுக்குரிய வாரம் இது. தவறினால் அடுத்த நவம்பர். அப்போது அவருக்குக் கண் இராது.

அன்று காலை 6.40 வண்டியில் ஏறினேன். ஹாம் நிலையத்தை வண்டி தாண்டும்போது, ஊன்ட்றொப்பில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் திசையை நோக்கி ஒரு கணம் தலைதாழ்த்துவது என் வழக்கம். சிலுவை போட்ட வேதக்காரி ஏன் கும்பிடுகிறாள் என்று கேட்பவர்களுக்கு, தெரிந்த வீட்டைக் கடக்கும்போது எட்டிப் பார்ப்பதில்லையா என்பேன். 8.05க்கு இறங்கி, 1.6 கிலோமீற்றர் நடந்தேன். ட்ராமில் போனால் நான்கு தரிப்பு. மாதாந்த ஜேர்மனிச் சீட்டு வைத்திருப்போருக்கு வேறு செலவில்லை.

வாசலில் காவல்துறை வாகனம் எப்போதும் நிற்கும். இரட்டைக் கதவு, பைச் சோதனை. கும்பிடப் போகிறவர்கள் காவலைக் கடந்து போக வேண்டியிருப்பதன் துயரம் எங்களுக்கும் தெரிந்ததே. காவலர் என் பையைத் திறந்து, கொப்பியையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள்; அன்று அங்கே யாரும் எழுதுவதில்லை.

ஒன்பதரைக்குத் தொழுகை தொடங்கியது. பெண்களின் இருக்கைகள் இடப்பக்கம், இடுப்பளவு மரத்தட்டியின் பின்னால். மிகைல் புதிய நீலச் சட்டை அணிந்து முன்வரிசையில் இருந்தார். அவருடைய மனைவி தன் கைக்குட்டையை நான்காக மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். சற்று நேரத்தில் ஹன்னா என் காதருகே குனிந்து, ஒன்பது பேர்தான் என்றார்.

சுருளைத் திறக்க வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இரண்டு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். இருந்த ஒன்பது பேரில் ஒருவர் மருத்துவர். பன்னிரண்டு மணிக்கு அவருக்குப் பணி. பதினொன்றேகாலுக்கு மேல் நிற்க இயலாது. நான் தட்டிக்கு இப்பால் பத்தாவது ஆளாக அமர்ந்திருந்தும் பத்தாவது ஆள் அல்ல.

"கவலைப்படாதீர்கள், என்னையும் எண்ணமாட்டார்கள்," என்றார் ஹன்னா. "அந்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு எழுத்துப் படிப்பித்ததே நான்தான்." ஜேர்மன் மொழியில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன், சொன்னபோது சிரித்த சிரிப்பைத் தர முடியவில்லை.

அப்போது சபையின் குருவான ரபி எங்கள் பக்கமாக நடந்து வந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்கவர். என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த நூலைப் பார்த்தபடியே, அருகிலுள்ள முதியோர் இல்லத்தில் எஃபிம் என்பவர் இருக்கிறார் என்றும், வர எப்போதும் விருப்பமுள்ளவர் என்றும், சக்கர நாற்காலி தானாக நடக்காது என்றும் நூலிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

"அவர் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை," என்றார் ஹன்னா. "இன்று கேட்கவும் கூடாது."

வீதியில் நாற்காலி தள்ளுவது ஓய்வுநாளில் அவர்களுக்கு விலக்கப்பட்ட வேலை; அதைப் பிறரிடம் ஏவுவதும் ஆகாது. வெயில் கடுமையாய் இருக்கிறது என்று ஒருவர் படலையில் நின்று சொன்னால், தண்ணீர் கொண்டுவர உள்ளே போகும் சனம் நாங்கள். எழுந்து மேலங்கியை எடுத்தேன். மணி 9.55.

இல்லம் தொழுகைக்கூடத்திலிருந்து 900 மீற்றர். பன்னிரண்டு நிமிட நடை. இரண்டாம் மாடியில் என்னை எதிர்கொண்ட பராமரிப்பாளரின் பெயரட்டையில் ஜெயந்தி என்று இருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் ஜேர்மன் மொழியை விட்டுவிட்டார்.

"அக்கா தமிழோ? ஆரைப் பாக்க வந்தனியள்?"

விடயத்தைச் சொன்னேன். அவருடைய பார்வை என் கழுத்துச் சிலுவையில் நின்றது.

"அது யூதரின்ர கோயிலெல்லோ? நீங்கள் வேதமெல்லோ அக்கா?"

"ஓம், வேதம்தான். அவை எங்களுக்கு முந்தின வேதம்."

எஃபிம் ஐயா இருபது நிமிடத்தில் ஆயத்தமாவார், அதில் சிக்கலில்லை என்றார் ஜெயந்தி. ஆனால் வெளியே போவதென்றால் படிவத்தில் அவருடைய ஒப்பம் வேண்டும். இன்று அவர் ஒப்பமிட மாட்டார். "சனியில எழுதமாட்டார் அக்கா. லைற் போடமாட்டார். மணி அடிச்சு எங்களைக் கூப்பிடவும் மாட்டார், நாங்கள்தான் போய்ப் பாக்கோணும். இனி வெள்ளிக்கிழமையே நேரம் குறிச்சுத் தெர்மின் எடுங்கோ, அப்ப முதல்நாளே கையெழுத்து வாங்கி வைப்பன்."

அறையினுள்ளே, தொண்ணூற்றொரு வயதான எஃபிம், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிந்தது முதல் அப்படித்தான் என்றார் ஜெயந்தி. சொல்லிவிட்டுப் படிவத்தின் கீழ்க்கட்டத்தில் விரலை வைத்தார்.

"அக்கா, வீல்செயார் தள்ளத் தெரியுமோ?"

"இருபத்தேழு வருசம் இந்த வேலைதான் செய்தனான் பிள்ளை."

"அப்ப கூட்டிக்கொண்டு போறவர் எண்ட இடத்தில நீங்கள் போடுங்கோ ஒப்பம். மற்றதை நான் பொறுப்பாளரோட கதைக்கிறன். ஒரு மணிக்குள்ள கொண்டந்து விட்டிடுங்கோ, என்ன?"

"கொண்டாறன்."

10.28க்குப் புறப்பட்டோம். சக்கர நாற்காலியோடு பயணம் செய்வோருக்கு இரண்டு குறிப்புகள்: நடைபாதையின் விளிம்பிலிருந்து இறங்கும்போது பின்புறமாக இறக்குங்கள், ட்ராம் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடவுங்கள், சாய்வாகப் போனால் முன்சக்கரம் பள்ளத்தில் இறுகும். தண்டவாளத்தைத் தாண்டிக் குனிந்து பார்த்தேன். எஃபிம் நன்றாக நித்திரை. பெயர் சொல்லி அழைத்தேன், கண் திறக்கவில்லை. ஒரு மனிதரின் வாழ்நாள் ஆசைக்காக, நித்திரை கொள்ளும் ஒருவரைக் குளிரில் தள்ளிக்கொண்டு போகிறேனே, இது கணக்கில் சேருமா என்று கேட்டுக்கொண்டே தள்ளினேன். வாயில் வந்தது செபம். அது தமிழில்தான் வந்தது.

வாசலில் காவலர் அவருடைய போர்வையையும் விரித்துச் சோதித்தார். அப்போதும் விழிக்கவில்லை. 10.49க்கு மண்டபத்துக்குள் நுழைந்தேன். ஒன்பது தலைகளும் திரும்பின. நித்திரை கொள்பவரை எண்ணலாமா என்று மருத்துவரே கேட்டுவிட்டார்.

"ஒருவர் தூங்கினால் எண்ணலாம்," என்றார் ரபி. "எல்லாரும் தூங்கினால்தான் குறை. அது என்னுடைய பிரசங்கத்தின்போது மட்டும் நடப்பது."

சுருள் இருக்கும் பேழை திறந்தது. சுருளை மேசையில் விரித்தார்கள். மிகைலின் முறை வந்தபோது, அவர் வெள்ளிக் குச்சியை எடுத்தார். அதன் நுனி சுட்டுவிரல் நீட்டிய கை போன்றது. சுருளின் தோலை மனித விரல் தொடலாகாது. மூக்கு எழுத்தில் படுமளவுக்குக் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் தேடித் தேடித் தொடங்கினார். முதல் வசனம் போனது. இரண்டாவது போனது. அவருடைய மனைவி கைக்குட்டையை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் வசனத்தின் நடுவே வெள்ளிக் கை அசையாமல் நின்றது. எழுத்து அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு சொல்லைச் சொன்னார். என் அருகில் ஹன்னா தட்டியை இறுகப் பிடித்தார். அது பிழையான சொல். பிழையைச் சபை உடனே உரக்கத் திருத்த வேண்டும் என்பது அங்கே முறை; ஆனால் ரபியைத் தவிர அந்த ஆண்களில் எவருக்கும் திருத்துமளவுக்குத் தெரியவில்லை. ரபி சுருளின் மேல் குனிந்து வாய் திறக்கப் போனார்.

அதற்கு முன்னே, பின்னாலிருந்து ஒரு குரல் சரியான சொல்லைச் சொன்னது. சொன்னது மட்டுமன்று, அதற்குரிய இசையோடு பாடியது. எஃபிம் கண் திறக்கவில்லை. எண்ணிக்கைக்காக மட்டும் அழைத்து வந்தோம் என்று நாங்கள் எண்ணியிருந்தவர், செர்னோவிட்ஸ் நகரில் ஐந்து வயதில் தகப்பனிடம் கற்றதை அப்படியே வைத்திருந்தார்.

மிகைல் தலையை நிமிர்த்தவில்லை. வெள்ளிக் கையை மெல்லப் பின்னே நகர்த்தினார், தேடினார், கண்டார். இந்தமுறை அந்தச் சொல்லைத் தன் கண்ணால் கண்டே சொன்னார். நான்காம் வசனத்தை அவர் முடித்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து இனிப்புகள் பறந்தன. பதின்மூன்று வயதுப் பையன்மேல் எறிய வேண்டிய இனிப்புகள். ஹன்னா என் கையிலும் ஒரு பிடி திணித்தார். என் முதல் இனிப்பு ரபியின் தோளில் பட்டது.

பிறகு, திராட்சை இரசமும் ரொட்டியும் வைத்திருந்த மேசையருகே, மிகைல் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய ஜேர்மன் என்னுடையதைப் போலவே தட்டித் தடுமாறும்.

"வாசித்துவிட்டேன்," என்றார். "இனிக் கண் போகட்டும்."

ஹன்னா தந்த பிடியில் மிஞ்சியிருந்த இனிப்பை அவர் கையில் வைத்தேன்.

எஃபிமை 12.50க்குத் திரும்பக் கொண்டுபோய்விட்டேன். வழி முழுவதும் விழித்திருந்தார். நான் தண்டவாளத்தைக் கடந்த விதத்தைப் பாராட்டினார். ஜெயந்தியிடம் கையளித்தபோது, அடுத்த சனி எத்தனை மணிக்கு வருவேன் என்று எஃபிம் என்னிடம் கேட்டார். ஒன்பது என்றேன். எட்டேமுக்கால் நல்லது என்றார். அன்று முதல் என் புதன்கிழமைப் பயணத்தோடு ஒரு சனிக்கிழமைப் பயணமும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமைகளில் ஜெயந்தி படிவத்தை ஆயத்தமாக வைக்கிறார்.

இப்படி ஒரு வகுப்புக்குப் போக விரும்புவோர் உங்கள் அருகிலுள்ள சபைக்கு மூன்று வாரம் முன்னரே எழுதுங்கள்; அடையாள அட்டையின் பிரதி கேட்பார்கள், தயங்காமல் அனுப்புங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். தொப்பி வாசலிலேயே தருவார்கள். சனிக்கிழமை தொலைபேசியையும் பேனாவையும் மறந்துவிடுங்கள். படம் எடுக்கவே வேண்டாம். நல்லெண்ணத்தோடு வடை சுட்டுக்கொண்டு போகாதீர்கள். அவர்களுடைய சமையலறை விதிகள் வேறு, உங்கள் வடையும் மனமும் ஒருங்கே வாடும். எழுத்துகள் பழக எட்டு வாரம் போதும். என் திருப்பாடலை நான் இன்னும் முழுதாக வாசிக்கவில்லை. ஆறாம் வரியில் நிற்கிறேன். அவசரமில்லை.

இதை வாசிக்கும் உங்களுக்கும் உங்கள் இல்லத்தாருக்கும் இறைவன் கண்ணொளியும் கால்வலுவும் தருவாராக. உங்கள் வீட்டு விளக்கின் முன்னே கூட வேண்டியவர் எவரும் குறையாதிருப்பாராக. ஒருவேளை ஒருவர் குறைந்தால், அவரை அழைத்துவர எழுந்து போகும் ஒருவர் உங்களிடையே என்றும் இருப்பாராக.