பவளத்தின் மங்கு

பவளம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னும் அவள் கன்னத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சரி, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

எழுபத்து நான்கில், இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு அவளுக்கு மங்கு விழுந்தது. இரண்டு கன்னத்திலும் தேயிலைச் சாயம் ஊறியதுபோல் பழுப்புத் திட்டு. அதனால் அவள் கூடையில் கொழுந்து குறையவில்லை. வலித்ததெல்லாம் புருஷன் சிங்காரத்துக்குத்தான். மலைமேல் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன். லோரிக் கண்ணாடியில் நாளைக்கு இருபது தடவை மீசையைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரிய மனிதன், டவுனுக்குப் போனால் மனைவிக்குப் பத்தடி முன்னால் நடப்பான்.

எண்பத்தொன்பதில் மூத்தவள் சரோஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாரை வார்க்கும்போது அப்பா பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"மாப்பிள்ள வீடு ஈப்போ டவுன் ஆளுங்க லா. இந்த மூஞ்சியோட நீ மணையில உக்காந்தா என் மானம் போயிரும். எங்கண்ணனும் அண்ணியும் தாரை வாக்கட்டும்," என்றான் சிங்காரம்.

"பெத்தவ நான் எங்க உக்கார்றது?"

"சமையக்கட்டுல வேலயா இல்ல?"

பிறகு அவனே இரக்கப்பட்டான். ஈப்போவில் லேசர் வந்திருக்கிறதாம். முகம் சுத்தமானால் மணையில் உட்காரலாமாம். அழகுக்காக அவள் போகவில்லை. அந்த ஒரு செம்புத் தண்ணீருக்காகப் போனாள். கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். சுடு எண்ணெய் தெறிப்பதுபோல் கன்னமெல்லாம் சுரீர் சுரீர் என்றது. மூன்று மாதம் வெயிலே படக்கூடாது என்று டாக்டர் மலாய் மொழியில் சொன்னார்.

பஸ்ஸில் சிங்காரம் சிரித்தான். "நம்ம மலையில ஏது வெயிலு? சுவெட்டர் போட்டுத் திரியிற ஊரு! நாளைக்கே வேலைக்குப் போ."

குளிர் இருந்தால் வெயில் இல்லை என்று நம்பும் மூளை அது. தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோருக்கும் அதே மூளைதான்.

பொருக்கு உதிர்ந்ததும் கன்னம் தெளிந்தது. சிங்காரம் அவளைத் தானா ராத்தா டவுனுக்கு அழைத்துப்போய், பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டான். ஒரு மாதம் மலைச்சரிவில் கொழுந்து எடுத்தாள். மங்கு திரும்பி வந்தது, முன்னைவிடக் கறுப்பாக.

"ஒழுங்கா மருந்து போட்டிருக்க மாட்ட," என்றான்.

கல்யாணத்தன்று தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரி பெண்ணைப் பெற்றவர்களைக் கூப்பிட்டார். சிங்காரத்தின் அண்ணன் ராமையா மனைவியோடு மணையில் போய் உட்கார்ந்தார். சமையல்கட்டிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பவளம் வந்தாள்.

"மாமா, எந்திரிங்க. எம்மவளுக்கு நான்தான் ஊத்துவேன்."

ராமையாவும் மனைவியும் எழுந்துவிட்டார்கள். சிங்காரம் பல்லைக் கடித்தான். "ஏய், மானத்த வாங்காத."

"வெக்கமா இருந்தா நீங்க சமையக்கட்டுக்குப் போங்க. புகையில யாருக்கும் உங்க மூஞ்சி தெரியாது."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பூசாரி மறுபடியும் கூப்பிட்டார். அத்தனை பேர் பார்க்க, சிங்காரம் வந்து உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்தான். பவளம் அவசரமே இல்லாமல் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். ஈப்போ சம்பந்திகள் அவள் கன்னத்தைப் பார்த்தார்களோ என்னவோ. தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவன் சிங்காரம்தான்.