இரண்டு நாட்டு மரையும் ஒரு கப்ளிங்கும்

பாரிசுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் ஊரில் குழாய் ஒழுகினால் முதலில் கடிதம் எழுத வேண்டும். கடிதத்துக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் வரும். மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள், ப்ளோம்பியே வருவார். குழாய் ரிப்பேர்காரர்தான்; ஆனால் அப்படிச் சொல்ல வாய் வராது, அவருடைய காருக்குப் பக்கத்தில் என் கார் கூனிக் குறுகி நின்றது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தவர், பையைத் துழாவி எதையோ வெளியே இழுத்தார். சணல்! ஒரு கொத்துச் சணல். நிலவுக்கு ராக்கெட் விடுகிற காலத்தில், இந்த மகா நாகரிகத் தேசத்தில், மரையைச் சுற்றிச் சணலைச் சுற்றிக்கொண்டிருந்தார் மனிதர். எனக்குச் சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்ததுபோல் இருந்தது.

மரை என்றால் திருகாணியிலும் குழாயிலும் இருக்கும் சுற்று வரி. இதை உங்களுக்கு நான் விளக்குவது பெரிய வேடிக்கை. ஏனென்றால் எனக்கு இது தெரியாமல் போனதால்தான் ஒரு காலத்தில் புதுச்சேரிப் பக்கத்து மடுகரையில் கரும்பு காய்ந்தது.

எழுபதுகளில் நான் புதுச்சேரி அரசாங்கத்தில் குமாஸ்தா. வில்லியனூர்க் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. புளி நிறுப்பதைவிடப் புத்தகம் படிப்பது சுலபம் என்று படித்து, பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்றுக்கொண்டவன். மடுகரையில் நேச நாடுகள் இரண்டு சேர்ந்து விவசாயிகளுக்குத் தண்ணீர் கொடுக்கப் போகின்றன, மொழிபெயர்க்க நீ போ என்றார்கள். பம்ப் பிரான்ஸ் கொடுத்தது. போர்க் கிணற்றிலிருந்து மேட்டு வயல்களுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய்களை அமெரிக்கா கொடுத்தது. இரண்டு நாட்டு நிபுணர்களும் வந்திருந்தார்கள். இவருக்கு அவர் பேச்சு தெரியாது, அவருக்கு இவர் பேச்சு தெரியாது, இருவருக்கும் தமிழ் தெரியாது. ஆக, மூன்று நாடுகளின் உறவு என் தொண்டையில் தொங்கியது. அப்போது நான் இதை மிகவும் பெருமையாக நினைத்திருந்தேன்.

திறப்பு விழா அன்று பூமாலை, கற்பூரம், கோட்டு எல்லாம் தயார். ஃபிட்டர் ஏகாம்பரம் மட்டும் கையெல்லாம் கிரீஸோடு என்னிடம் வந்தார். ஊரில் யாரையும் மதிக்காத வாய் என்று பெயர் எடுத்தவர்.

"சார், ரெண்டு நாட்டுக்காரனுக்கும் மரை சேரல. இப்பவே சொல்லிடு சார், அப்பறம் இன்னா பண்ணாலும் ஆவாது."

மரை கழண்ட கேஸ் என்று நம் பக்கத்தில் யாரைச் சொல்வோம்? தெரியும்தானே. எனக்கும் அது ஒன்றுதான் தெரியும். கோட்டுப் போட்ட இரண்டு விருந்தாளிகளையும் இவர் முகத்துக்கு நேராகப் பைத்தியம் என்கிறார் என்று பதறிப்போனேன். தேசத்தின் மானத்தைக் காப்பாற்ற முடிவு செய்து, பிரெஞ்சில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் சொன்னேன்: "உங்கள் இரு நாடுகளின் நட்பு இறுகப் பொருந்தியிருக்கிறது என்று இந்தத் தொழிலாளி மகிழ்கிறார்."

இரண்டு நிபுணர்களும் உருகிப்போனார்கள். ஏகாம்பரத்தின் கிரீஸ் கையைப் பிடித்து மாறி மாறிக் குலுக்கினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். தான் சொன்ன குறையை இத்தனை பெரிய மனிதர்கள் இவ்வளவு பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்களே என்று ஏகாம்பரத்துக்கும் கண் கலங்கிவிட்டது. அன்று குழாயை மாட்டாமல் பம்ப்பை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் பம்ப்பின் காலடியிலேயே கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பத்து நாள் கழித்து ஆபீசுக்குக் கலியபெருமாள் வந்தார். போர் போட இடம் கொடுத்தவர். தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையில் மேட்டில் நாலு காணி கரும்பு வைத்தவர்.

"இன்னா தம்பி, சோகையெல்லாம் மஞ்சளாப் பூட்ச்சி. இன்னும் ஒரு வாரம் தாங்கினா பெருசு. புதுப் பைப்பு எப்ப வருது?"

"எந்தப் புதுப் பைப்பு?"

"ஏகாம்பரம் சொன்னானே. பம்புல ஒரு மரை, பைப்புல வேற மரை, ஒண்ணரை சுத்துக்கு மேல ஏறல. தொரைங்க கை குடுத்து ஒத்துக்கினாங்களாமே?"

என் நாற்காலி நாலு விரற்கடை கீழே இறங்கியது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மடித்துக் கொண்டுவந்திருந்த மஞ்சள் கரும்புச் சோகை இலையை மேசையில் வைத்தார், அதைத்தான் பார்த்தேன்.

பாண்டிச்சேரியில் நிபுணர்கள் தங்கியிருந்த விடுதிக்கு ஓடினேன். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் மிகுந்த பணிவோடு, குழாய்களை மாற்றிவிட்டால் போதும் என்றார். அமெரிக்கர் அதே பணிவோடு, பம்ப்பை மாற்றிவிட்டால் போதும் என்றார். எங்கள் மரைதான் உலகத்து மரை என்று இருவரும் என் வாய் வழியாகவே அரை மணி நேரம் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டார்கள். கடைசியில் இருவரும் தத்தம் தலைநகரத்துக்கு எழுதுவதென்று தீர்மானமானது. பதில் வர ஆறு மாதம். எனக்குக் கண்ணில் அந்தச் சோகை.

அப்போது என் வாழ்க்கையின் இரண்டாவது பொய் மொழிபெயர்ப்பைச் செய்தேன். யாரும் சொல்லாததை மொழிபெயர்த்தேன்.

"எங்கள் ஃபிட்டர் சொல்கிறார்: இங்கே ஒரு லேத்தில் இரண்டே நாளில் ஒரு கப்ளிங் கடைந்துவிடலாமாம். ஒரு பக்கம் பிரான்சின் மரை, மறுபக்கம் அமெரிக்காவின் மரை. யாரும் எதையும் மாற்ற வேண்டாமாம்."

இருவர் முகத்திலும் பெரிய நிம்மதி. யாருடைய மரையும் தப்பில்லை அல்லவா? சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். நான் மூச்சிரைக்க மடுகரைக்குப் போய் ஏகாம்பரத்திடம், "உன் பேரில் இப்படிச் சொல்லிவிட்டேன், முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்த அன்னிக்கே என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேனே. படிச்சவங்க நீங்க, எங்க கேக்கறீங்க? மரை அவங்களுக்கு சரியாத்தான் சார் கீது. உனக்குத்தான்..." என்று ஆரம்பித்து, கலியபெருமாள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வில்லியனூர் லேத்தில் கப்ளிங் கடைந்தார்கள். ஏகாம்பரம் இரண்டு பக்கமும் சணல் சுற்றி, வெள்ளை ஈயம் பூசி முடுக்கினார். மூன்றாம் நாள் மேட்டுக் கரும்புக்குத் தண்ணீர் ஏறியது. கப்ளிங்கின் அடியில் மட்டும் ஒரு சொட்டு.

"ஒழுகுதே?" என்றேன்.

"வேர்க்குது சார், வுடு. சணலு தண்ணி குட்ச்சி உப்பிக்கும். தானா அடங்கிடும்."

போன மாதம் கலியபெருமாள் பேரனை விட்டு எழுதிய கடிதம் வந்தது. பம்ப் ஓடுகிறதாம், இந்த வருடமும் கரும்பு நன்றாக நிற்கிறதாம். "கப்ளிங்கி இன்னும் சொட்டுது தம்பி. அடியில சேப்பங்கிழங்கு போட்டுட்டன்."

தொட்டிக்கு அடியிலிருந்து ப்ளோம்பியே எழுந்து கை துடைத்தார். "சில நாள் வேர்க்கும், முசியே. சணல் உப்பியதும் தானே நின்றுவிடும்." என் முகத்தில் என்ன கண்டாரோ, "உங்களுக்கும் இந்தத் தொழில் பழக்கமா?" என்றார்.

"முன்பு நான் ரக்கோராக இருந்தேன்," என்றேன். கப்ளிங்குக்கு இங்கே அதுதான் பெயர்.

ரக்கோர் செய்யும் ஆலையில் வேலை பார்த்தேன் என்று எடுத்துக்கொண்டார். "எங்கே?"

"மடுகரையில்."

"வடக்கிலா?"

"தெற்கில்."

"ஆ, மார்செய் பக்கம்!"

"அதற்கும் கொஞ்சம் தெற்கே."

அவர் போன பிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரைக் குழாய் மூட்டுக்கு அடியில் வைத்தேன். ஒரு சொட்டு விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. எந்தப் பக்கத்து மரையிலிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தேன். தெரியவில்லை.