அத்தை சொல்லாத ஒரு வரி

என் அத்தை இருபத்தாறு வருடம் வானொலியில் செய்தி வாசித்தார். அந்தக் காலத்தில் அவர் குரலைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். அத்தையும் மாமாவும் மூன்றாம் மாடியில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். தண்ணீரைக் கீழேயிருந்துதான் சுமக்க வேண்டும். பிள்ளைகள் இல்லை.

ஒருநாள் டானிக் கம்பெனிக்காரர் ஒருவர் தேடி வந்தார். விளம்பரத்தில் ஒரே ஒரு வரி பேசினால், சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டுகிற அளவுக்குத் தருவதாகச் சொன்னார். "என் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன்" என்பதுதான் அந்த வரி.

"எனக்குப் பிள்ளைங்களே இல்லையே சார்."

"ரேடியோல அது யாருக்கும்மா தெரியப்போகுது?"

மாமாவுக்கு வாயெல்லாம் பல். அத்தையும் மறுக்கவில்லை. மூன்று நாள் சமைத்துக்கொண்டே ஒத்திகை பார்த்தார். ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தாய்மார்கள் கொடுக்கிறாங்கன்னு மாத்திச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். கம்பெனிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தை பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். மாமா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பல வருடம் கழித்து, அதே அறையில் வைத்துக் கேட்டேன். "வருத்தமா இல்லையா அத்தை?"

"இல்லாம என்ன? குடத்தோட படியேறும்போதெல்லாம் என்னையே திட்டிக்குவேன்" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "அந்த வரியை நெஜமாச் சொல்லணும்னு எவ்வளவு ஏங்கியிருக்கேன் தெரியுமா? அதைப் போய்க் காசுக்கு எப்படிச் சொல்றது?"

பக்கத்தில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இதை அவரும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறார் என்பது முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.