சமத்துப் பிள்ளை அழுதாள்

போன திங்கட்கிழமை எங்கள் பழங்காநத்தம் காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் மைசூர்பாகு கொடுத்தேன்.

"என்னம்மா, பிரமோஷனா?" என்றார் மாடி வீட்டு சார்.

"இல்ல சார். எங்க செல்வி அழுதுட்டா!"

அவர் மைசூர்பாகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார்?

செல்வியைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லையே... என் வீட்டுக்காரரின் தங்கை மகள். பிரசவத்திலேயே தாய் போய்விட்டாள். அப்பா லாரி டிரைவர். உசிலம்பட்டிப் பக்கம் இந்த வீட்டில் நாலு மாதம், அந்த வீட்டில் அரை வருஷம் என்று கைமாறிக் கைமாறி, நாலு வயதில் எங்களிடம் வந்தாள். பிள்ளையில்லாத எங்களுக்குக் கசக்குமா?

வந்த அன்று அழவில்லை. யாரையும் தேடவில்லை. "எம்புட்டு சமத்து!" என்று காம்பவுண்டே மெச்சியது. எனக்கும் பெருமைதான் — ஒரு வாரம் வரை.

சின்னப் பிள்ளைகளைக் கண்டால் நாமெல்லாம் ஒரு கேள்வி கேட்போமே... "எங்க வீட்டுக்கு வாரியா?" பிள்ளை அம்மா புடவைக்குள் ஒளியும். நாம் சிரிப்போம். செல்வி ஒளியமாட்டாள். "வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொள்வாள்! பால்காரர் கேட்டால் அவரோடு, பூக்காரம்மா கேட்டால் பூக்காரம்மாவோடு.

ஒருநாள் வண்டியூர் தெப்பக்குளத்தில் காணாமல் போனாள். குளத்தைச் சுற்றி ஓடிப் பார்த்தால் — பஞ்சுமிட்டாய்க்காரர் தோளில் உட்கார்ந்து மணியடித்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டு சிரிக்கவும் இல்லை, கை நீட்டவும் இல்லை. யாரோ ஓர் அத்தை வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வலித்தது. பொய் சொல்வானேன்?

குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"அழாத பிள்ளைன்னா சமத்துன்னு அர்த்தமில்லம்மா" என்றார். "ஒரு காலத்துல தேடி அழுதிருக்கும். தேடுன ஆள் வரல. எதுக்கு இனிமேன்னு விட்டிருக்கும்."

"மருந்து, டாக்டர்?"

"நீங்கதான். சோறு ஊட்டுறது, குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் கொஞ்ச நாளைக்கு நீங்களே செய்யுங்க. வெளிய போனா சொல்லிட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு வந்துருங்க."

கேட்க எத்தனை சுலபம்! டவுன் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறவளுக்கல்லவா தெரியும்? பகலில் எதிர்வீட்டு சரோஜாவிடம் விட்டுவிட்டு, "செல்வி, ஆபீஸ் போறேன். அஞ்சரைக்கு வந்துருவேன்" என்பேன். நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். சாயங்காலம் நான் பையை எடுத்தால் மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி, மூச்சிரைக்க அஞ்சரைக்கு வந்து நிற்பேன். அப்போதும் நிமிரமாட்டாள். இப்படியே ஒரு வருஷம். பல நாள் மனசு விட்டுப்போயிருக்கிறது.

போன திங்கட்கிழமை பஸ் பிரேக்டவுன். நான் வந்து சேர ஆறு ஆகிவிட்டது. காம்பவுண்டுக்குள் ஒரே அலறல். யார் பெற்ற பிள்ளையோ என்று பார்த்தால்... நம் செல்வி! மூக்கு ஒழுக, கேட்டைப் பிடித்துக்கொண்டு!

"எங்க போன? அஞ்சரைன்னுதான சொன்ன?" என்று எனக்கு நாலு அடி.

"என் கையக் கடிச்சு வச்சுட்டாக்கா! அம்புட்டு சமத்தா இருந்த பிள்ளைய செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றாள் சரோஜா.

நேரம் தெரியாமல் பூக்காரம்மா வேறு வந்தார். "ஏன் தாயி அழுகுற? எங்க வீட்டுக்கு வாரியா?"

"மாட்டேன், போ!"

சொல்லிவிட்டு என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே வீட்டுக்காரரை மைசூர்பாகு வாங்க விரட்டினேன்.

நமக்குத் தொந்தரவு தராத பிள்ளைக்குத்தானே 'சமத்து' என்று பட்டம் கொடுக்கிறோம்? அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டோமா?

மறுநாள் காலை என் செருப்பைக் காணோம். தேடினால், அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் செல்வி காவல்! நான் ஆபீஸ் போகக்கூடாதாம்.

பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். "அஞ்சரைக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

சித்திரை வெயில், தார் ரோடு... சுடட்டுமே!