மறுப்பை எழுதிக் கொடுங்கள்

ருமானா மயங்கி விழுந்த அன்று தையல் ஆலை லைனில் ஆண்கள் சட்டைக்குக் காலர் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு அறுபது காலர் முடிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டும்போது ஊசிக்கு அடியில் இருந்த நீலத்துணி வெளுத்தது. அப்புறம் மெஷின், விளக்கு, சூப்பர்வைசர் எல்லாமே வெளுத்துப்போயின. கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தாள். பக்கத்து மெஷின்காரி மா தாந்தா தன் சால்வையை அவள் இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். உடுத்தியிருந்த லுங்கி ரத்தத்தில் நனைந்திருந்தது. ஆம்பிளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று தாந்தாவுக்கு அவ்வளவு பதற்றம்.

இது 2018-ல். ருமானாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பர்மாவின் பெரிய நகரத்தில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் பிறந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கு இறங்கினாளே தவிர, வேறெங்கும் போகவில்லை. கணவர் ஜாபிர் பபேடான் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. இவள் பதினாலு வருஷமாக லைன்தாயா தொழிற்பேட்டையில் தையல் ஆலை. விடியற்காலை ஆட்களை ஏற்றிப்போகும் ஆலையின் ஃபெர்ரி பஸ்ஸைப் பிடித்தால், திரும்பி வீட்டுப் படி ஏற இருட்டிவிடும். அந்தப் பதினாலு வருஷமும் ஒவ்வொரு மாசச் சம்பளத்திலும் தொழிலாளர் காப்பீட்டுக்கென்று பிடித்துக்கொண்டார்கள். ஒரு காய்ச்சல் மாத்திரைக்குக்கூட அவள் காப்பீட்டு அட்டையை நீட்டியதில்லை.

முதல் தடவையாக நீட்டியது மயக்கம் வருவதற்கு மூன்று மாதம் முன்புதான். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று ஆலை நர்ஸ் அனுப்பி, டாக்டர் ஸ்கேன் பார்த்து, கருப்பையில் கட்டி, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டோடு காப்பீட்டு மருத்துவமனையின் கவுண்டருக்குப் போனாள். அங்கே இருந்த எழுத்தர் காப்பீட்டு அட்டையைப் பார்க்கவில்லை. அடையாள அட்டையைத்தான் புரட்டிப் பார்த்தார். லூம்யோ, அதாவது இனம் என்ற இடத்தில்: இந்தியா, பர்மா. மதம்: இஸ்லாம்.

"கலப்பா? அப்போ யாக்வெ ஆபீஸ்ல ஒரு கடிதம், குடியேற்ற ஆபீஸ்ல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. அப்புறம்தான் தேதி" என்றார் பர்மிய மொழியில்.

அவளும் போனாள். வார்டு நிர்வாகம் பார்க்கும் யாக்வெ ஆபீசில் வாப்பாவின் பிறப்புச் சான்று கேட்டார்கள். கொண்டுபோனால் வாப்பாவின் வாப்பாவுடையதைக் கேட்டார்கள். குடியேற்ற ஆபீசில் கோப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஆலையில் ஒரு நாள் லீவு. இதற்குள் உதடு வெளிறி, இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

மயங்கி விழுந்த சேதி கேட்டு ஜாபிர் கடையிலிருந்து நேரே பள்ளிவாசல் டிரஸ்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"டிரஸ்டுல பேசிட்டேன் புள்ளே. பிரைவேட்டுல செஞ்சிடலாம். முழுச் செலவும் அவங்களே பாத்துக்குறாங்களாம்."

"வேணாம் மச்சான்."

"என்ன வேணாம்?"

"அது ஒண்ணும் இல்லாதவங்களுக்கு வச்சிருக்கிற சதக்கா. எனக்கு இருக்கு. பதினாலு வருஷமா என் சம்பளத்துல பிடிச்சிருக்காங்க. என்னுதை அங்க போட்டுட்டு இங்க வந்து கையேந்தணுமா?"

"உசுரு போயிட்டா ஒன் சம்பளத்த வச்சு என்ன செய்ய?" ஜாபிரின் குரல் உயர்ந்தது. அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே குறைவு. "நம்ம நெலம தெரியாதா ஒனக்கு? இந்த ஊர்ல வாயத் தொறந்தா இன்னும் நாலு சாத்து சாத்துவான்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பயம் இல்லாமலில்லை. ஆனால் தாந்தா மத்தியானம் சொன்ன ஒரு விஷயம் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. போன வருஷம் தாந்தாவுக்கும் இதே கட்டி, இதே டாக்டர், இதே கவுண்டர். ஒன்பதாம் நாள் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஒரு கடிதமும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ருமானாவும் தாந்தாவும் சேர்ந்தே காப்பீட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். வரிசையில் நின்று கவுண்டரை அடைந்ததும், தாந்தா தன் காப்பீட்டு அட்டையை எடுத்து ருமானாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே ஆலை, ஒரே லைன்" என்றாள். "இந்த அக்கா என்னைவிட ஆறு வருஷம் அதிகமா கட்டியிருக்காங்க. எனக்கு ஒன்பது நாள். அவங்களுக்கு ஏன் மூணு மாசம்?"

எழுத்தர் நிமிரவில்லை. "கடிதம் வந்துச்சா?"

"வரல" என்றாள் ருமானா. "தேதி தர முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் போயிடறேன்."

"அதெல்லாம் எழுதித் தர மாட்டோம். நகருங்க, அடுத்தவங்க வரணும்."

"எழுதிக் குடுத்தா நகருவேன்."

நகரவில்லை. கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்; நிற்கத் தெம்பில்லாததால் பிடித்தது பாதி, பிடிவாதம் பாதி. பின்னாலிருந்து ஒருவன், "கலாமா, வழி விடு" என்று கத்தினான். இந்திய முகம் கொண்ட பெண்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லைச் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவள்தான். அன்றைக்குத் திரும்பிப் பார்த்து, "எனக்கு ருமானான்னு பேர் இருக்கு, தம்பி" என்றாள். வரிசையில் நின்ற ஒரு பர்மியக் கிழவர் அவனை அதட்டினார். இன்னொருத்தி தன் பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிவந்து ருமானாவுக்குப் போட்டாள். கவுண்டர் அரை மணி நேரம் நின்றுபோனது.

கடைசியில் கண்காணிப்பாளரே இறங்கி வந்தார். வயதானவர், களைத்த முகம். காகிதங்களைப் பார்த்துவிட்டு, "கலப்பினத்தாருக்குக் கடிதம் கேக்கிறது இங்க வழக்கம்மா" என்றார்.

"சட்டத்துல இருக்கா, சயாஜி?" என்று மரியாதை குறையாமலே கேட்டாள்.

அவர் மறுபடி காகிதங்களைப் புரட்டினார்.

"என் வயித்துக்குள்ள இருக்கிற கட்டிக்கு எந்த லூம்யோன்னு ஸ்கேன்ல தெரியுதா, பாருங்க. சம்பளத்துல பிடிக்கிறப்ப ஒரு மாசமாவது கடிதம் கேட்டீங்களா?"

கண்காணிப்பாளர் அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு எழுத்தரின் பேனாவை வாங்கி, அறுவை சிகிச்சைக்குப் பதினொன்றாம் தேதி என்று அவள் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

பதினொன்றாம் தேதி அறுவை சிகிச்சை ஆயிற்று. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஜாபிர் வார்டு வாசலில் நின்று அழுததைத் தாந்தாதான் பிற்பாடு சொன்னாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ருமானா ஒரு வாரம் சந்தோஷமாக இருந்திருப்பாள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள், கீழ்த்தளத்து வேலம்மா பார்க்க வந்தாள். தள்ளுவண்டியில் பருப்பு வடை சுட்டு விற்பவள். அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். எல்லாம் விசாரித்துவிட்டு, எழும்பிப் போகும் சமயம் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கும் அதே கட்டிதான்க்கா. ரெண்டு வருஷமாச்சு. எனக்குத்தான் ஆலை இல்லையே, அட்டைக்கு எங்க போறது. கோயில்ல கேட்டேன், சந்தா கட்டுற குடும்பத்துக்குத்தானாம். அம்மா வழி புத்த மடம், கியாங்ல கேட்டா, நீ கோயில்காரிதானேங்குறாங்க."

ருமானாவுக்குத் தையல் போட்ட இடத்தைவிட அது அதிகமாக வலித்தது. அட்டை இருந்த தனக்கே இத்தனை பாடு. அட்டையே இல்லாதவள் எந்தக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

அடுத்த வருஷம் எல்லாருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு என்று டவுன்ஷிப்பில் ஒரு கருத்துக் கூட்டம் போட்டார்கள். ருமானா லீவு எடுத்துப் போனாள். மேடையில் இருந்த அதிகாரி, ஏழைகளுக்கு உதவ அந்தந்தச் சமூகத்தின் தர்ம ஸ்தாபனங்கள் முன்வர வேண்டும் என்று பேசி முடித்ததும் எழுந்தாள்.

"தர்மம் குடுக்கிறவங்க மனசு, சயா. மனசு இருந்தா குடுப்பாங்க, இல்லாட்டி நீ யாருன்னு கேப்பாங்க. ரெண்டு பக்கமும் சேராதவ எங்க போவா? ஒரே காப்பீடு போடுங்க. ஆலையில இருக்கிறவ, வண்டி தள்ளுறவ, ஒண்ணுமே இல்லாதவ, எல்லாரும் அதுல. முடிஞ்சவங்க முடிஞ்சதைக் கட்டட்டும், முடியாதவங்களுக்கு சர்க்கார் கட்டட்டும். படிவத்துல இனம், மதம்னு கேக்குற இடத்தை அடிச்சிடுங்க. எங்க வலிக்குதுன்னு மட்டும் கேளுங்க."

"அவ்வளவு பணத்துக்கு எங்கம்மா போறது?"

"ஆலைப் பொம்பளைங்க சம்பளத்துல மாசம் தவறாம பிடிக்கத் தெரியுதே. பெரிய பெரிய வீட்டுக்காரங்ககிட்டயும் அதே மாதிரி பிடிங்க."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார்.

வேலம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்கு ஏழு தடவை கூட்டிக்கொண்டு அலைந்து, 2020 தொடக்கத்தில் அறுவை சிகிச்சை செய்ய வைத்தாள் ருமானா. கட்டில் இலவசம், மருந்தும் நூலும் ஊசியும் வெளியே வாங்க வேண்டியிருந்தது. வேலம்மா வண்டியை விற்றாள். இப்போது இன்னொருத்தர் வண்டியில் கூலிக்கு வடை சுடுகிறாள். "உயிர் பிழைச்சாளே, அல்ஹம்துலில்லாஹ்" என்று ஜாபிர் சொன்னபோது ருமானா, "பிழைச்சதுக்கு அல்லாவுக்கு நன்றி. வண்டி போனதுக்கு நான் யாருக்கும் நன்றி சொல்ல மாட்டேன்" என்றாள்.

அதற்கடுத்த வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடே தலைகீழானது. டாக்டர்கள் பலர் ஆஸ்பத்திரிகளை விட்டுப் போனார்கள். கருத்துக் கூட்டம் நடத்தியவர்கள் எங்கே என்று கேட்கக்கூட ஆளில்லை. ருமானா மட்டும், ஆலைப் பெண்கள் முப்பது நாற்பது பேர் கையெழுத்தோடு, கூட்டத்தில் சொன்ன அந்த ஒரே காப்பீட்டைக் கேட்டு வருஷத்துக்கொரு தடவை மனு எழுதி யாக்வெ ஆபீசில் கொடுக்கிறாள்.

போன தடவை அங்கிருந்த புது எழுத்தர், "ஏன்மா திரும்பத் திரும்ப எழுதிட்டு வர்றீங்க? நாடு இருக்கிற நிலைமையில இதையெல்லாம் யார் படிக்கப் போறாங்க?" என்றார்.

"நிலைமை நல்லா இருந்தப்ப மட்டும் படிச்சீங்களா?" என்றாள் ருமானா. "வாங்கிக்கிட்டேன்னு ஒரு முத்திரை போடுங்க."

முத்திரை உள்ளே பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மூன்றரை மணிக்கு அவள் கையிலிருந்த நகலில் முத்திரை விழுந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தெருமுனையில் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினாள்.