தங்கச்சியின் உயரம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஜப்பான்காரர் என் தங்கச்சியை வீடியோ எடுத்துக்கொண்டு போனார். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆமாம், அதேதான். இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வசந்தா மலைமேல் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறாள். ஆள் குள்ளம். மேல் தட்டில் இருக்கும் மைலோ டின்னை எடுக்க இன்றைக்கும் நாற்காலி வேண்டும்.

சில மாதங்களுக்கு முன்பு தோட்டத்துக்கு ஜப்பான் மெஷின் வந்தது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தால், கொழுந்தை வெட்டிப் பைக்குள் தள்ளிவிடும். கூடவே ஒரு கையேடு. இருவரும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

தோட்டத்தை நடத்தும் துரை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கணக்கெழுதும் கிராணி அளவு நாடாவோடு வந்து எல்லோரையும் அளந்து ஜோடி சேர்த்தார். வசந்தா உயரத்துக்கு மட்டும் ஜோடி இல்லை. புல் வெட்டப் போகச் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்தில் நின்றவள்... போனில் என்னிடம் அழுதே விட்டாள்.

ஆனால் அந்தக் கையேடு சமதரைக்கு எழுதியது. இங்கே மலைச் சரிவு. மேட்டில் நின்றவருக்குக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. பள்ளத்தில் நின்றவருக்குத் தூக்கித் தூக்கித் தோள் போயிற்று. மெஷின் கோணிக்கொண்டு முற்றின இலையையும் சேர்த்து வெட்டியது. திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூடத் துரை யோசித்தாராம்.

புல் வெட்டிக்கொண்டே இதையெல்லாம் பார்த்த வசந்தா, நேரே அவரிடம் போய் நின்றாள்.

“மேட்டுல நான் நிக்கிறேன் துரை. பள்ளத்துல நெட்டச்சி செல்வி நிக்கட்டும். ஒரே ஒரு வரிசை லா. சரிவரலைன்னா புல்லுக்கே போயிடுறேன்.”

வெட்டினார்கள். மெஷின் செடிமேல் படிந்து போனது — கொழுந்து மட்டும் பையில்! மறுநாளே எல்லா ஜோடிகளையும் கலைத்து, குட்டை மேட்டில், நெட்டை பள்ளத்தில் என்று மாற்றினார் துரை. வசந்தா மறுபடி கொழுந்துக்கு வந்துவிட்டாள்.

வெளிநாட்டு மெஷினை வரவழைப்பது பெரிய காரியமா என்ன? அது நம் மலையில் நடக்க வேண்டுமென்றால், மலையில் நடப்பவர்களைத்தானே கேட்க வேண்டும்? இந்தக் குட்டை நெட்டை ஜோடியைப் பார்க்கத்தான் அந்த ஜப்பான் மெஷின் கம்பெனிக்காரர் அவ்வளவு தூரம் வந்தார். கையேட்டில் சேர்க்கப் போகிறார்களாம்.

போகும்போது, எழுதிக்கொள்ள வசந்தாவின் உயரம் எவ்வளவு என்று துரையிடம் கேட்டிருக்கிறார்.

இவள் சொன்னாளாம்: “மலையையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்க துரை.”