மூன்றாம் நம்பர் ஜன்னல்காரி

என் நாத்தனாருக்கு ஆபீசில் 'நாளைக்கம்மா' என்று பெயர். முப்பத்தைந்து வருஷமாகப் பிறப்பு, இறப்புச் சான்று கொடுக்கிற மூன்றாம் நம்பர் ஜன்னலில் உட்கார்ந்து, "நாளைக்கு வாங்க" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். பொல்லாதவள் இல்லை. அவளுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர்கள் அப்படித்தான் பழக்கிவிட்டுப் போனார்கள். காகிதம் ஒன்று குறைந்தால் மனுவைக் கையால் தொடக் கூடாது. தொட்டால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் பதில் சொல்ல வேண்டும். தொடாவிட்டால், கணக்குப்படி யாரையும் திருப்பி அனுப்பவே இல்லை.

புருஷன் விட்டுவிட்டு ஓடிய பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அந்த அண்ணனும் போய்ச் சேர்ந்தார். இப்போது நானும் அவளும்தான். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. அவளுக்கு இளைப்பு.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது உத்தரவு வந்தது. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற எல்லாரும் அரசியல் சட்டமும் ஆபீஸ் விதிகளும் சேர்ந்த பரீட்சை எழுதித் தேற வேண்டும். இரண்டு தடவையில் தேறாதவர்கள் ஜன்னலை விட்டு எழுந்து கீழ்த்தளத்துப் பதிவறைக்குப் போக வேண்டும். அங்கே காற்று கிடையாது, தூசிதான். இளைப்புக்காரி எத்தனை நாள் தாங்குவாள்? முதல் தடவை கோட்டைவிட்டாள்.

"சட்டம் தெரியாமலாடி இத்தனை வருஷம் ஓட்டின?" என்றேன்.

"தெரியாததால ஓட்டினேன் அண்ணி. தெரிஞ்சிருந்தா ஒரு நாள் ஓட்டியிருக்க முடியாது."

இரண்டு மாசம் பாத்திரம் கழுவும்போதும் துணி அலசும்போதும் சத்தமாக ஒப்பித்தாள். எனக்குக் காது புளித்துப்போனது.

மறுபடியும் தோற்றாள். ஒரே ஒரு மார்க்கில். விடைத்தாளைக் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். 'மனுவை ஏற்க முடியாவிட்டால் ஊழியர் என்ன செய்ய வேண்டும்?' என்பது கேள்வி. இவள் எழுதியிருந்த பதில்: 'மறுநாள் வரச் சொல்ல வேண்டும்.'

"அடிப்பாவி! காரணத்தை எழுதிக் குடுக்கணும்னு எனக்கே மனப்பாடமாச்சேடி!"

"எனக்கும் தெரியும் அண்ணி. கை பாட்டுக்கு எழுதிடுச்சு."



மாற்றல் உத்தரவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்க்கிறேன், வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. திருப்பி அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் என்னென்ன குறை என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தச்சர் அதை வாங்கிப் பார்த்தார். "ஆறு தடவை வந்தேன்மா. ஒவ்வொரு தடவையும் ஒண்ணொண்ணா சொன்னீங்க. இதை மொதல்லயே குடுத்திருந்தா எங்கம்மா இறப்புச் சான்று எப்பவோ கெடச்சிருக்கும்."

அவள் அடுத்த ஆளுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தாள்.

பின்னால் நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, சீட்டு எழுதுறீங்களா, கதை எழுதுறீங்களா?" என்று ஒருத்தி கத்தினாள். அதிகாரி வந்தார். "பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கும்மா எழுதிட்டிருக்கீங்க?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வாரம் என்றிருந்ததை மாற்றி மூன்றாம் நாளே அவளைக் கீழே அனுப்பிவிட்டார்.

உத்தியோகக்காரருக்குச் சட்டம் தெரிய வேண்டுமா என்றால், தெரியத்தான் வேண்டும். சமைக்கிறவளுக்கு உப்பு எது என்று தெரிய வேண்டாமா? ஆனால் ஆள் இருநூறு, ஜன்னல் ஒன்று என்று வைத்துவிட்டுப் பரீட்சை மட்டும் நடத்துகிறவர்களை என்ன சொல்ல? எனக்கு அலுத்துவிட்டது.

இப்போது அவள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பழைய காகிதக் கட்டுகளை அடுக்குகிறாள். வீட்டுக்கு வந்தால் இருமல்தான் பேசுகிறது. நேற்று முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"உன் ஜன்னல்ல இப்ப யாருடி?"

"சின்னப் பொண்ணு அண்ணி. பரீட்சையில தொண்ணூத்தெட்டு."

"எழுதிக் குடுக்கறாளா?"

அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"'நாளைக்கு வாங்க'தானாம் அண்ணி. வரிசை ரொம்ப வேகமா நகருதாம். எல்லாரும் சந்தோஷப்படறாங்களாம்."